யார் பிடித்த மீன்?

உலகத்தில் மீன் பிடிப்பவர்கள் இரண்டு வகை. பிடித்த மீனைக் குழம்பு வைப்பவர்கள் ஒரு வகை. பிடித்த மீனை மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, அந்த ஆனந்தத்துக்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாரை நம் தேசத்தில் எங்கும் காணலாம். இரண்டாவது வகையாரைப் பற்றிக் கேள்விப்பட்டால், "இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கூடும். இந்த வாரம் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் சற்று உற்றுப் பார்க்க உத்தேசித்திருக்கிறோம். அதற்குள்ளே நமது காவிரியையும் காவிரிக் கரை ஏழைகளையும் பற்றிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது.

அமெரிக்க தேசத்தின் தென்கிழக்குக் கோடியில் ப்ளோரிடா என்னும் மாகாணம் இருக்கிறது. அதன் தெற்குக் கரையோரம் நெடுக அலையாத்திக் காடுகள். கடல் நீர் ஏறும்போது மரங்களின் வேர்கள் முழுகிப் போகும்; வற்றும்போது வேர்களின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு நீர் நிற்கும். அந்த வேர்களின் நிழலில் 'ஸ்நூக்' என்னும் மீன் பதுங்கியிருக்கும். வெள்ளி போன்ற உடல். செவுளிலிருந்து வால் வரையில் மை தீட்டினாற்போல ஒரே ஒரு கறுப்புக் கோடு. சற்றே துருத்திய கீழ்த் தாடை. செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்றது. நரம்பு மெல்லியதானால் ஒரே திருப்பில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இதைப் பிடிக்க வருகிறவர்களில் ஒரு சாரார் புழுவோ பொடிமீனோ கோப்பதில்லை. இறகையும் மயிரையும் தூண்டில் முள்ளில் நூலால் கட்டி, பொடிமீன் போலவோ இறால் போலவோ ஒரு பொய் இரை செய்துகொள்கிறார்கள். அதற்கு எடை என்பதே கிடையாது. கல்லைப்போல் வீசி எறிய முடியாது. ஆகையால், கனமான நரம்பையே சாட்டையைப் போல முன்னும் பின்னும் வீச வேண்டும். அந்த வேகத்தில் இரை பறந்து போய் வேரின் ஓரத்தில் விழ வேண்டும். ஒரு சாண் அப்பால் விழுந்தால் வேரில் சிக்கிக்கொள்ளும். ஒரு முழம் இப்பால் விழுந்தால் மீன் ஏறெடுத்தும் பாராது. பல வருஷம் பழகினாலொழிய இது கைவராது.

இவ்வளவு சாமர்த்தியமும் படகின் முன்புறம் நிற்கும் கனவானைச் சேர்ந்தது. ஆனால் படகின் பின்புறத்தில், சிறு மேடை ஒன்றின் மீது, நீண்ட ஓடக்கோலை ஊன்றிக்கொண்டு இன்னொருவர் நிற்கிறார். அவர்தான் வழிகாட்டி. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் கோலூன்றிப் படகை நகர்த்துகிறவர் அவரே. கடல் நீர் எவ்வளவு ஏறினால் எந்த வாய்க்காலின் முகப்பில் மீன் வந்து காத்திருக்கும், காற்று எந்தத் திசையில் அடித்தால் எந்தத் துறை கலங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு, "பத்து மணித் திசை, நாற்பது அடி, எறியுங்கள்!" என்பார். கனவானும் எறிவார். பல சமயங்களில் கனவானுடைய கண்ணுக்கு அந்த மீன் தென்பட்டிருக்கவே இராது. ஆயினும் பிற்பாடு புகைப்படத்தில் மீன் யார் கையில் இருக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அது யார் பிடித்த மீன் என்ற வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். அந்த மீன் உயிரோடிருந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால், அதற்கு ப்ளோரிடாவில் தெளிவான விடை உண்டு. 1957-ம் வருஷத்திலேயே அங்கே ஸ்நூக்கை விலைக்கு விற்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்; நாள் ஒன்றுக்கு ஒரு மீனுக்கு மேல் கூடாது; அந்த மீனும் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் கரைக்குத் தக்கபடி 32 அல்லது 33 அங்குலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சிறியதை விடச் சொல்வது யாருக்கும் புரியும். பெரியதையும் விடச் சொல்வானேன்? ஸ்நூக் ஆணாகப் பிறந்து வளர்ந்து, பிற்பாடு பெண்ணாக மாறும் ஜாதி. ஆகவே பெரிய மீன்களெல்லாம் பெரும்பாலும் தாய்மார்கள். அவற்றைப் பிடித்துத் தின்றால் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. 2010-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அங்கே கடுங்குளிர் அடித்து ஏராளமான ஸ்நூக் மடிந்தபோது, மேற்குக் கரையில் 2013 வரையில் ஒரு மீனைக் கூட எடுத்துப் போகலாகாது என்று தடுத்துவிட்டார்கள். பிடித்து விடுவதற்குத் தடையில்லை. எனவே வழிகாட்டிகளின் பிழைப்பும் அடியோடு போய்விடவில்லை. செத்த மீன் ஒரு தடவைதான் விலை போகும். உயிருள்ள மீன் வருஷா வருஷம் சோறு போடும். இந்தக் கணக்கு அங்கே ஓடக்கோல் பிடிக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஸ்நூக்குக்கு நம் நாட்டிலே நெருங்கிய பந்து ஒன்று உண்டு. கொடுவா மீன்தான் அது. வெகு காலம் வரையில் சாஸ்திரக்காரர்கள் இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்திருந்தார்கள். கொடுவாயும் கழிமுகங்களில் வேர்களின் ஓரம் பதுங்கி இரை பிடிப்பது. கொடுவாயும் ஆணாக இருந்து பெண்ணாக மாறுவது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணத்தில், கடலிலும் கழிமுகத்திலும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாயைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. நமது சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள பிச்சாவரம் காடு இந்தக் கொடுவாய்க்கு ஏற்ற இடம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமே அலையாத்தி வகையைச் சேர்ந்ததுதான். அந்தக் காட்டின் வாய்க்கால்களில் இருளர்கள் வலை கூட இல்லாமல், தண்ணீரில் அமர்ந்து, வேர்களின் இடுக்கில் கையால் தடவியே இறால் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்கள், நீரறிவு என்பது புத்தகத்தில் அடங்கும் சரக்கல்ல என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

மாரண்டஹள்ளியில் உட்கார்ந்துகொண்டு கடலோரத்துச் சமாசாரம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ப் பக்கத்துச் சின்னாறு பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி ஓடி, ஒகேனக்கல்லுக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி மேட்டூரையும் முக்கொம்பையும் கடந்து, கொள்ளிடமாகப் பிரிந்து, பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கடலை அடைகிறது. நல்ல மழைக் காலத்தில், அணைகள் வழிவிட்டால், நம் ஊரில் பெய்த நீர் அந்த வேர்களின் காலடிக்குப் போய்ச் சேரும். அது மட்டுமல்ல. ப்ளோரிடாவின் வழிகாட்டிகளுக்கு எவ்விதத்திலும் குறையாத வழிகாட்டிகள் இந்த ஆற்றின் மேற்பகுதியிலே, நமக்கு வெகு அருகில் இருந்தார்கள்.

ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி சிறிது தூரம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. இரு கரையிலும் மலையும் காடும்; நடுவில் பாறைகளும் ஆழமான மடுக்களும். இந்த மடுக்களில் வாழ்வது மஹ்சீர் என்று சொல்லப்படும் பெரிய கெண்டை. பெரிய மீனின் செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹெச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதி, மஹ்சீரின் புகழைச் சீமை வரையில் பரப்பினார். 1946-ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் காவிரியின் உபநதியாகிய கபினியில் பிடித்த மஹ்சீர் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. இன்றைக்கும் அதுவே பெரிய மஹ்சீர் என்று பேசப்படுகிறது.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் சில இன்னும் புத்தகங்களில் காணக் கிடைக்கின்றன. துரை கையில் தூண்டில் கோலுடன் கம்பீரமாக நிற்பார். மீன் ஒரு கழியில் தொங்கும். கழியை இரண்டு பக்கமும் தோளில் தாங்கிக்கொண்டு, இடுப்பில் துணியும் தலையில் முண்டாசுமாக இருவர் நிற்பார்கள். படத்தின் அடியில் துரையின் பெயர் இருக்கும். ஆற்றின் பெயர் இருக்கும். மீனின் எடை ராத்தல் கணக்கில் இருக்கும். தாங்கி நிற்கும் இருவரின் பெயர் மட்டும் இராது. எந்த மடுவில், எந்த வேளையில், எந்த இரைக்கு மீன் வாய் திறக்கும் என்று துரைக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் கப்பலேறிப் போனார்கள். மஹ்சீரின் புகழும் மங்கிற்று. வெடி வைப்பவர்களுக்கு அது நல்ல காலமாயிற்று. ஆற்றில் வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று 1897-ம் வருஷத்திலேயே சட்டம் உண்டு. ஆனால் காட்டுக்குள்ளே, மடுவின் ஓரத்திலே சட்டம் வந்து காவல் நிற்குமா? ஒரு வெடி வெடித்தால் மடுவிலுள்ள பெரிய மீன், குஞ்சு, முட்டை எல்லாம் நாசம். அவற்றில் மேலே மிதந்து கைக்குக் கிடைப்பது சொற்பமே.

1972-ல் பெங்களூரில் தென்னிந்திய வன ஜீவராசிச் சங்கம் ஏற்பட்டது. அச் சங்கத்தார் காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டார்கள். 1978-ஐ ஒட்டி இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு குழுவினர் வந்து மிகப் பெரிய மஹ்சீர்களைப் பிடித்துவிட்டதும், உலகத்தின் கண் மறுபடியும் காவிரியின் மேல் விழுந்தது. பிற்பாடு கர்நாடக சர்க்காரின் ஸ்தாபனம் ஒன்று பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாகளி ஆகிய இடங்களில் ஆற்றங்கரை முகாம்களை நடத்தியது. விதி ஒன்றுதான்: பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, திரும்ப விட்டுவிட வேண்டும்.

இந்த முகாம்களில் வழிகாட்டிகளாக அமர்ந்தவர்கள் கரையோரத்துக் கிராமவாசிகள். அவர்களில் சிலர் முன்பு வெடி வைத்தவர்களே. திருடனைக் காவலுக்கு வைப்பது மூடத்தனம் என்று நினைக்க வேண்டாம். எந்த இடுக்கில் வெடிக்காரன் ஒளிவான் என்பது அவர்களுக்கல்லவா தெரியும்!

அவர்கள் வேலை எளிதானதல்ல. முதலாவது, இரை. நம் ஜில்லாவில் ஏழை எளியவர்க்கெல்லாம் சோறு போடும் ராகியே அங்கே மஹ்சீருக்கும் விருந்து. ராகி மாவைப் பிசைந்து, வேக வைத்து, ஆரஞ்சுப் பழத்தளவு கெட்டியாக உருட்ட வேண்டும். வேகம் குறைந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். கூடினால் முள் மீனின் வாயில் ஏறாது. அந்தப் பக்குவம் கையறிந்தது. இரண்டாவது, பரிசல். தூண்டிலில் அகப்பட்ட மஹ்சீர் சுழலை நோக்கிப் பாய்ந்து, பாறையைச் சுற்றி நரம்பைச் சிக்க வைத்துவிடும். கரையில் நிற்கும் கனவானால் அப்போது ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தை வேண்டலாம். வழிகாட்டிதான் பரிசலைத் தள்ளிக்கொண்டு நீரோட்டத்துக்கு நடுவே போய், நரம்பைக் கையால் தடவி, அது எந்தப் பாறையில் எந்தப் பக்கமாகச் சிக்கியிருக்கிறது என்று கண்டு விடுவிக்க வேண்டும். மூன்றாவது, விடுதலை. களைத்துப்போன மீனை உடனே விட்டால் மல்லாந்துவிடும். ஓடுகிற நீருக்கு எதிர்முகமாக அதைத் தாங்கிக்கொண்டு, செவுள் சீராக அசையும் வரையில் இடுப்பளவு நீரில் வழிகாட்டி நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் நேயர்களில் பலருக்குத் தோன்றக் கூடிய ஆக்ஷேபம் ஒன்றுண்டு. வாயில்லா ஜீவனை முள்ளால் குத்தி இழுத்து, பிறகு கருணையோடு விடுவதாவது! பசிக்காகப் பிடித்தாலும் நியாயம் உண்டு, விளையாட்டுக்காகத் துன்புறுத்தலாமா? இந்த ஆக்ஷேபத்தை அற்பமென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. விட்ட மீன் எல்லாம் பிழைக்கும் என்றும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. தூண்டில் கோல் பிடித்தவருக்காக நாம் வக்காலத்து வாங்கவில்லை. நமது கவலை பரிசலில் இருந்தவரைப் பற்றியும், அவர் காத்த மீனைப் பற்றியும்தான்.

காவிரிக் கரையின் அந்தப் பகுதி கர்நாடகத்தில் 1987-லேயே சரணாலயமாகிவிட்டது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று 1972-ம் வருஷத்து வன ஜீவராசிப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டு, 2012-ஐ ஒட்டி இந்த முகாம்களில் தூண்டில் நின்று போயிற்று. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அனுமதிச் சீட்டுக்குப் பணம் கட்டி வந்தவரைச் சட்டம் நிறுத்திற்று. வெடிக்காரன் என்றைக்கு அனுமதி கேட்டு வந்தான்? தூண்டில் நின்றதும் மடுவின் ஓரத்தில் இரவும் பகலும் இருந்த கண்களும் குறைந்தன. பிறகு மறுபடியும் ஆற்றில் வெடிச் சத்தம் கேட்டது என்று அந்தப் பக்கத்தைப் பழைய நாளாக அறிந்த தூண்டில்காரர்கள் சொல்லி வருகிறார்கள்.

இதிலே ஒரு விசேஷம். காலிபோர் முகாமில் பிடித்து விட்ட மீன்களின் கணக்கை 1998 முதல் 2012 வரையில் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்கள். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் இந்தக் கணக்கைப் பரிசீலித்தபோது திடுக்கிடும் உண்மை வெளிவந்தது. மஹ்சீர்கள் பெருகித்தான் இருந்தன. ஆனால் பெருகியவை நீலத் துடுப்புள்ள வேறொரு ஜாதி. மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் டாட்டா கம்பெனியாரின் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வளர்த்த குஞ்சுகளை, ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டிருந்தார்கள். காவிரியின் சொந்தப் பிள்ளையான, முதுகு கூனிய மஹ்சீரோ வருஷத்துக்கு வருஷம் அரிதாகிக்கொண்டே போயிற்று. வந்த விருந்தாளி பெருக, வீட்டுக்காரனுக்கு இடமில்லாமல் போன கதை!

அந்தக் கூன்முதுகு மஹ்சீருக்கு அது வரையில் சாஸ்திரத்தில் நிச்சயமான பெயர் கூட இல்லை. நூற்றைம்பது வருஷ காலமாக உலகம் முழுவதும் புகழ்ந்த மீன். அதற்குப் பெயர் கிடையாது! அமராவதியின் உபநதியான பாம்பாற்றில் கிடைத்த மீன்களுக்கு 2007-ல் 'டோர் ரெமதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். காவிரியின் பெரிய மஹ்சீரும் அதே இனந்தான் என்பது 2018-ல்தான் ருசுவாயிற்று. பெயர் கிடைத்த அதே வருஷத்தில், அழிவின் விளிம்பில் உள்ள ஜீவன்களின் சர்வதேசப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

அந்த மீன் குறைந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கு எங்கே இருந்தது? ஆராய்ச்சிச் சாலைகளில் அல்ல. ஆற்றங்கரை முகாமில், நாள்தோறும் பிடித்து விட்ட மீனைப் பற்றி எழுதி வைத்த குறிப்பேட்டில். தூண்டில் நின்றதும் அந்தக் குறிப்பேடும் நின்றது. மீனைக் காக்கச் செய்த ஏற்பாட்டினாலேயே மீனைப் பற்றிய செய்தி வராமல் போவது எவ்வளவு விபரீதம்!

நமது பக்கத்திலும் இப்போது இந்தப் பிரச்னை வந்திருக்கிறது. 2022-ம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் 'காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம்' என்று அறிவித்தது. யானைக்கும் நீர்நாய்க்கும் இது நல்ல செய்தி. மஹ்சீருக்கும் நல்ல செய்தியாக வேண்டுமானால் ஒரு காரியம் செய்ய வேண்டும். தூண்டில் விளையாட்டை மறுபடியும் அனுமதிப்பதா, கூடாதா என்று அறிந்தவர்கள் தர்க்கம் செய்து முடிவு காணட்டும். எந்த முடிவானாலும், ஆற்றை அறிந்தவர்களை ஆற்றை விட்டு விலக்கலாகாது. வழிகாட்டிகளாக இருந்தவர்களையும் பரிசல்காரர்களையும் மாதச் சம்பளத்தில் நதிக் காவலர்களாக அமர்த்த வேண்டும். எந்த மடுவில் எந்த மாதம் எந்த மீன் தென்பட்டது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் மீனைக் கண்டவருடைய பெயரையும் எழுத வேண்டும். இதற்கு லட்சக்கணக்கில் இயந்திரங்கள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும், மாதம் தவறாத சம்பளமும் போதும்.

பிச்சாவரத்தில் இதற்கு ஓரளவு முன்மாதிரி உண்டு. அங்கே முற்காலத்தில் காட்டைக் கூறு கூறாக வெட்டியதால் தரை பள்ளமாகி, உப்பு நீர் தேங்கி, மரம் முளைக்காமல் போயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தாரும் வன இலாகாவும் கிராமத்து ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள்ளின் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டிக் கடல் நீரை உள்ளே வரவும் போகவும் விட்டார்கள். காடு திரும்பிற்று. 2022-ல் அந்த இடம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈர நிலமாக ராம்சார் பட்டியலிலும் ஏறியது. அங்கே வசிக்கும் ஜனங்களை விரோதிகளாக நினைத்திருந்தால் இது கைகூடியிராது.

வருகிற விடுமுறையில் நேயர்களில் பலர் குடும்பத்தோடு ஒகேனக்கல் போவீர்கள். அருவியைப் பார்ப்பீர்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பீர்கள், பரிசலிலும் ஏறுவீர்கள். முன்னாளில் மூங்கிலின் மேல் தோல் போர்த்திய பரிசல், இப்போது பிளாஸ்டிக்கும் தாரும் பூசிக்கொண்டிருக்கிறது. துடுப்புப் போடுகிறவருடைய கண் மட்டும் பழைய கண்தான். கூலியைப் பேரம் பேசி முடித்த பிறகு, அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பிறகு, பெரிய மீனைக் கடைசியாக எங்கே பார்த்தார் என்றும் கேளுங்கள். கூட இருக்கும் குழந்தைகள் அவர் சொல்வதைத் தங்கள் நோட்டில், அவர் பெயரோடும் தேதியோடும் எழுதிக்கொள்ளட்டும். நம் பள்ளிக்கூடத்தில் அத்தகைய நோட்டு ஒன்றை இந்த வருஷம் தொடங்கப் போகிறோம். மற்ற ஊர்ப் பள்ளிக்கூடங்களும் தொடங்கினால், காவிரியின் மீன்களைப் பற்றி நம் ஜில்லாவுக்கென்று ஒரு குறிப்பேடு சில வருஷங்களில் சேர்ந்துவிடும்.